சதுர அடி இருபத்திரண்டு ரூபாய்

மனைவியிடம் பொய் சொல்லலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். வேதாகமமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் விலை என்பது தனி இலாகா. நூற்று இருபது ரூபாய்க்குச் சட்டை வாங்கி வந்து அறுபது ரூபாய் என்று சொல்வது பொய்யில் சேராது. அது குடும்ப சமாதானம். இருபத்தோரு வருஷமாக இந்த இலாகாவை நான் திறமையாக நடத்தி வந்தேன். 1998 நவம்பரில் அது கவிழ்ந்தது. கவிழ்ந்த விதத்தை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

என் பெயர் ஞானசிகாமணி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே முதல்வரே என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டில் நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது என்ன காகிதம் என்று எனக்குத் தெரியவரும்.

அந்த வருஷம் சம்பள அரியர்ஸ் மொத்தமாகப் பத்தொன்பதாயிரம் வந்தது. பணம் வந்தது நவம்பரில். அதற்கான செலவை என் மனைவி சாலோமி ஒன்பது வருஷத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள். அடுக்களை மேடை. எங்கள் வீடு பழைய வீடு. விறகடுப்புக் காலத்துத் திட்டு ஒன்று அடுக்களையில் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. கேஸ் அடுப்பு வந்தபோது அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து சாலோமி குனிந்துதான் சமைத்தாள். நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், நின்னு சமைக்கிற மாதிரி ஒரு மேடை கட்டித் தாங்க" என்பாள். நான் "கிறிஸ்மஸ் கழியட்டும்" என்பேன். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கழிந்துகொண்டுதான் இருந்தது.

இந்தத் தடவை கட்டியே தீருவது என்றுதான் நானும் இருந்தேன். அதற்குள் அடுத்த தெரு தேவபிச்சை வாத்தியார் வீட்டில் மாத ஜெபக்கூட்டம் நடந்தது. மனுஷன் கூடத்துக்குக் கிரானைட் போட்டிருந்தார். எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், ஜெபத்தைத் தொடங்குவதற்கு முன்னால் தரையைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே" என்றார். ஜெபம் முடிந்தபிறகும் தடவினார். அடுத்த கூட்டம், டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, என் வீட்டில். என் கூடத்தில் இருப்பது நான் பிறப்பதற்கு முன்னால் போட்ட சிவப்பு சிமெண்டுத் தரை. அதைத் தடவினால் கையில் காரை ஒட்டும்.

அன்றே முடிவெடுத்தேன். கிரானைட்டுக்கு மேலே ஒன்று உண்டு என்றால் அது மரத்தரை. கொடைக்கானலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தங்கின பங்களாவில் அதன்மேல் நடந்திருக்கிறேன். நடந்தபோது என்னையறியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு மரியாதை காலுக்குக் கீழே இருந்து வருகிறது.

பேட்டையில் காஜா முகைதீன் பாய் குடோனில் அப்படிப்பட்ட பலகை இருக்கிறது என்று கேள்விப்பட்டு டவுன் பஸ் ஏறினேன். தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கின மலேசியாச் சரக்கு. ஃபேக்டரியிலேயே இழைத்து, பாலிஷ் அடித்து, பெட்டியில் போட்டு வந்திருந்தது. நாம் இழைக்க வேண்டாம், வார்னிஷ் அடிக்க வேண்டாம், மாட்ட வேண்டியதுதான். பாய் ஒரு பலகையை எடுத்து என் கையில் கொடுத்தார். பளபளவென்று அதில் என் முகம் தெரிந்தது. முகமும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

"சதுர அடி என்ன வெலை பாய்?"

"உங்களுக்கு நூத்தஞ்சு சார்வாள்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கும் நூத்தஞ்சுதான். உங்களுக்குன்னு சொன்னது ஒரு மரியாதைக்கு."

"குறைச்சுச் சொல்லுங்க."

"மரியாதையவா, வெலையவா?"

அரை மணி நேரம் இழுத்துத் தொண்ணூற்றைந்தில் நின்றது. பிறகு அளவு கேட்டார்.

"கூடம் பன்னெண்டுக்குப் பதினாலு."

"நூத்தி அறுவத்தெட்டு அடி. வெட்டுச் சேதாரம் பன்னெண்டு அடி சேத்துக்கிடுங்க. பெட்டிக்கு இருவது அடி. ஒம்பது பெட்டி."

"சேதாரமா? இது என்ன நகைக்கடையா?"

"நகைக்கடைச் சேதாரம் கண்ணுல படாது. நம்ம சேதாரத்தத் துண்டு துண்டா கையிலயே குடுத்துருவோம், அடுப்பெரிக்கலாம்."

பதினேழாயிரத்து நூறு ரூபாய். அரியர்ஸில் மீதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். பாய் மூன்று உபதேசம் செய்தார். ஆணி அடிக்கக்கூடாது, ஒரு பலகையின் நாக்கை அடுத்த பலகையின் காடிப் பள்ளத்தில் செருக வேண்டும். சுவரோரம் அரை அங்குலம் விட வேண்டும், மழைக்காலத்தில் மரம் விரியும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. "பிழிஞ்ச துணியால தொடைக்கலாம் சார்வாள். அதுக்கு மேல ஒரு சொட்டு பட்டாலும் நான் பொறுப்பில்ல."

மறுநாள் மாட்டு வண்டியில் ஒன்பது பெட்டியும் வந்து இறங்கின. சாலோமி வாசலில் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது என்னது அத்தான்?"

"மரத்தரை. கூடத்துக்கு."

"என்ன வெலை?"

இந்த இடத்தில் என் இலாகா தானாக வேலை செய்தது. "இருபத்திரண்டு."

"பெட்டியா?"

"சதுர அடி. துறைமுகத்துல ஏலத்துல போன சரக்கு. அடிமாட்டு வெலை."

சாலோமி சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குப் பொருளாளர். பெருக்கல் எல்லாம் அவளுக்கு உதட்டிலேயே நடக்கும்.

"பெட்டிமேல இருவது அடின்னு போட்டுருக்கு. ஒம்பது பெட்டி, நூத்தி எம்பது அடி. மூவாயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுவது. அப்ப அரியர்ஸ்ல பதினஞ்சாயிரத்தி நாப்பது ரூவா மிச்சம் இருக்கு."

"இருக்கு. பாங்குல இருக்கு."

"அப்ப அடுக்களை மேடையக் கட்டிருவோம்."

"கிறிஸ்மஸ் கழியட்டும்."

"சரி அத்தான்."

சரி என்றாள். சண்டை இல்லை, முனகல் இல்லை, பாத்திரம் உருளவில்லை. இருபத்தோரு வருஷத்தில் இப்படி நடந்ததே கிடையாது. அன்றைக்கு ராத்திரி சோற்றில் உப்பு சரியாக இருந்தது. எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். நானோ நம் திறமை என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தரம் ரசம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் என் மைத்துனன் பெனோ நிற்கிறான். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காய் வியாபாரம் செய்கிறவன். புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். கையில் ஒரு தார் பழம்.

"அத்தான், அக்கா சொன்னா. எனக்கும் முன்னூறு அடி சொல்லிருங்க. ரூவாயும் கொண்டாந்துட்டேன். ஆறாயிரத்தி அறுநூறு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க."

மடித்த நோட்டுகளை என் சட்டைப் பையிலேயே செருகினான். முன்னூறு அடிக்கு உண்மையான விலை இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. மீதி இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்தை என் மைத்துனன் வீட்டுத் தரைக்கு நான் போட வேண்டும். நோட்டைத் திருப்பி அவன் பைக்குள் வைத்தேன்.

"சரக்கு தீந்து போச்சு பெனோ."

"அதுக்குள்ளயா?"

"இருபத்திரண்டு ரூவான்னா நிக்குமாடே? கொத்திட்டுப் போயிட்டானுவ."

சாலோமி உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள். "அதுக்கென்ன அத்தான், நம்ம ஒம்பது பெட்டியவும் தம்பிட்ட குடுத்துருவோம். ஆசப்பட்டு வந்துட்டான். நாம அடுத்த சரக்குல வாங்கிக்கிடலாம். இருவத்திரண்டு ரூவா தானே."

"ஏட்டி, அவன் ஊரு ஆத்தங்கரை. ஈரம் இந்தப் பலகைக்கு ஆகாது."

"பாளையங்கோட்டை மட்டும் என்ன பாலைவனமா அத்தான்?" என்றான் பெனோ. வருத்தமாகத்தான் கேட்டான். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். பழத்தாரை விட்டுவிட்டுப் போனான். அந்தப் பழத்தை நான் நாலு நாள் குற்ற உணர்ச்சியோடு தின்றேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாய் வாயில் இருக்கிறது. சாயங்காலமே பேட்டைக்குப் போனேன்.

"பாய், என் வீட்டுல இருந்து யாராவது வந்து வெலை கேட்டா இருபத்திரண்டுன்னு சொல்லணும்."

காஜா முகைதீன் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார்வாள், நான் அஞ்சு வேளை தொழுவுதவன். கேக்காட்டா சொல்லமாட்டேன். கேட்டா தொண்ணூத்தஞ்சுன்னுதான் சொல்லுவேன்."

"ஒரு தடவை சொன்னா என்ன பாய்?"

"அப்படிச் சொன்னா ஊரே அந்த வெலைக்குக் கேக்கும். நான் குடோனப் பூட்டிட்டு உங்க ஆபீஸ்லதான் வேலைக்கு வரணும்."

வெறுங்கையோடு திரும்பினேன். ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டேன். சாலோமி எதற்குப் பேட்டைக்குப் போகப்போகிறாள்? கோயில் உண்டு, மார்க்கெட் உண்டு, அடுக்களை உண்டு. இப்படி நினைத்துத்தான் தைரியமாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கொம்பையா ஆசாரி வந்தார். கட்டில், கதவு, ஜன்னல் எல்லாம் எங்களுக்கு அவர்தான். கைராசிக்காரர். பிடிவாதக்காரரும்கூட. ஒரு பெட்டியைப் பிரித்துப் பலகைகளைக் கூடத்தில் பரப்பினேன். மூன்றடி நீளத்தில் இருபது பலகை. ஆசாரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், இதுல அடி எது, நுனி எது?"

"எதுக்கு ஆசாரி?"

"அடிமரம் தெக்க இருக்கணும், நுனிமரம் வடக்க இருக்கணும். மாத்திப் போட்டா மரத்தத் தலகீழா நட்டது மாதிரி. நம்ம மரம்னா தோலும் கணுவும் சொல்லிரும். இவன் வழிச்சு எடுத்துப் பாலிஷப் பூசிட்டான். ஒண்ணும் தெரியல."

"இது மலேசியா மரம். அங்க இதெல்லாம் பாக்க மாட்டானுவ."

"மலேசியாவுல மரம் வேரு மேல, கெளை கீழயா மொளைக்கி?"

"நாங்க வேதக்காரங்க ஆசாரி. எங்களுக்கு இதெல்லாம் கிடையாது."

"வீட்டுக்காரரு வேதமா சைவமான்னு மரத்துக்குத் தெரியுமா சார்? தண்ணியில போட்டா தெரிஞ்சிரும். அடிமரம் கனம், பைய முங்கும். நுனி மிதக்கும். தொட்டியில தண்ணி நெறச்சிட்டு ஒவ்வொண்ணா விட்டுப் பாத்துருவோம்."

தண்ணீர் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஒரு பலகையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். "ஆகவே ஆகாது. ஒரு சொட்டு படக்கூடாது."

"அப்ப நான் தொடமாட்டேன் சார். தலகீழா மரம் கெடக்கிற வீட்டுல குடும்பத் தலைவன் பேச்சு எடுபடாதுன்னு எங்க தொழில்ல சொல்லுவோம்."

நான் யோசித்தேன். ஏற்கெனவே எடுபடுகிறாப்போல இல்லை. ஒருவேளை கதவு, ஜன்னல் ஏதாவது இந்த வீட்டில் தலைகீழாக இருக்கிறதோ என்னவோ. இதைச் சரியாகப் போட்டால் ஒருக்கால் நிலைமை மாறலாம். இந்தச் சபலம்தான் என்னைக் கெடுத்தது. கல்லூரியில் அன்றைக்கு யுனிவர்சிட்டி இன்ஸ்பெக்ஷன், லீவு போட முடியாது. மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

"ஒரே ஒரு பலகைய மட்டும் போட்டுப் பாருங்க. போட்டதும் எடுத்துரணும்."

"நீங்க பைய போயிட்டு வாங்க அத்தான். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் சாலோமி.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். கூடம் காலியாக இருந்தது. பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற தொட்டி விளிம்புவரை தண்ணீர். அதில் இருபது பலகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதக்கின்றன. ஆசாரி கையில் சுண்ணாம்புக் கட்டியோடு தொட்டிக் கரையில் உட்கார்ந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பைய பேசுங்க சார். தண்ணி அசைஞ்சிரும்" என்றார் ஆசாரி.

"எப்பப் போட்டது?"

"பத்து மணிக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல மிதக்குது. ஒரு பலகைய வச்சுச் சொல்ல முடியாதுல்லா, அதான் எல்லாத்தையும் விட்டேன். ஏதாவது ஒண்ணு முங்கும்னு பாத்துட்டே இருக்கேன். ஒண்ணும் முங்கல. இது மரமே இல்ல சார்."

முங்கினது நான்தான். ஒவ்வொரு பலகையாக வெளியே எடுத்தேன். காலையில் முகம் தெரிந்த பலகை. இப்போது அடிப்பக்கம் ஊறி உப்பி, காடிக்குள் நகம்கூடப் போகவில்லை. மறுநாள் ஒரு வெயில் அடித்தது. இருபதும் வாழைக்காய் மாதிரி வளைந்து கொண்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் வாழைக்காய்.

"ஏட்டி, நீ பாத்துக்கிடுதேன்னு சொன்னியே."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தொட்டிக்கு மோட்டார் போட்டு விட்டதே நான்தான். ஆசாரி சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்கில்லா?"

"பலகை போச்சேட்டி."

"போனா போவுது. ஒரு பெட்டி நானூத்தி நாப்பது ரூவா. இருவத்திரண்டு ரூவாப் பலகைக்கா இந்த முழி முழிக்கிய?"

நானூற்று நாற்பது ரூபாய்க்கு எவ்வளவு துக்கப்படலாமோ அவ்வளவுதான் முகத்தில் காட்ட முடிந்தது. மீதி ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய்த் துக்கத்தைக் குளியலறையில் போய்த் தனியாகப் பட்டேன். உங்களுக்கு இந்த அனுபவம் உண்டா? கோபம் வயிற்றில் இருக்கும், வாய் சிரித்துக்கொண்டிருக்கும், தாடை வலிக்கும்.

மற்ற எட்டுப் பெட்டியும் கூடத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றின்மேல் போர்வையைப் போர்த்தினேன். மதுரையிலிருந்து வேறு ஆள் வரவழைத்து ஜெபக்கூட்டத்துக்கு முன்னால் போட்டுவிடுவது என்று தீர்மானம் செய்தேன். ஒரு பெட்டி குறைவதை ஓரத்தில் பீரோவை நகர்த்தி மறைத்துக்கொள்ளலாம். தேவபிச்சை வாத்தியாரிடம் வேறு, "ஜெபக்கூட்டத்தன்னைக்கு வந்து பாருங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தேன். கூடத்தில் போர்வை மடித்து வைத்திருந்தது. பெட்டிகளைக் காணவில்லை.

"சாலோமி."

"இருக்கேன் அத்தான்." அடுக்களையிலிருந்து குரல் வந்தது. குரலில் ஒரு குளிர்ச்சி இருந்தது.

"பெட்டி எங்க?"

"திருப்பிக் குடுத்துட்டேன். ஆசாரி போடமாட்டேன்னுட்டாவ. வேற ஆசாரிகிட்ட சொன்னா, கொம்பையா ஆசாரி விட்ட வேலைய நான் தொடமாட்டேன்னுட்டாவ. அதான் வண்டிக்காரன்கிட்ட எடம் கேட்டுக் காலைல பேட்டைக்குப் போயிட்டு வந்தேன்."

"பேட்டைக்கா?"

"ஆமா. அந்த பாய் தங்கமான மனுசன். குத்தாலத்துல யாரோ பங்களா கட்டுதாவளாம், இதே பலகையில சரியா எட்டுப் பெட்டி குறையுதாம். வண்டிய அனுப்பி எடுத்துக்கிட்டாவ. நீங்க வாங்குன வெலைக்கே எடுத்துக்கிட்டாவ, ஒரு பைசா குறைக்கல."

வாங்கின விலை. சாலோமி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பைபிளுக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"நூத்தி அறுவது அடி. இருவத்திரண்டு ரூவாப்படி மூவாயிரத்தி அஞ்ஞூத்தி இருவது. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

எண்ணினேன். சரியாக இருந்தது. இப்படி ஒரு சரியான கணக்கை என் இருபத்தாறு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

"பாங்குல போட்டுருங்க அத்தான். அங்க ஏற்கெனவே பதினஞ்சாயிரத்தி நாப்பது கெடக்குல்லா, அதோட சேந்து கெடக்கட்டும்."

மறுநாள் ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பேட்டைக்கு ஓடினேன். என் உள்மனசில் ஒரு நப்பாசை. பாய்தான் அவளை ஏமாற்றி இருபத்திரண்டு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டிருப்பார். அப்படி இருந்தால் அவரோடு சண்டை போட்டாவது மீதியை வாங்கலாம். நல்லவர் ஒருவர் அயோக்கியராக இருக்க வேண்டும் என்று நான் ஆண்டவரை வேண்டிக்கொண்டு போனது அன்றைக்குத்தான்.

"அம்மா வந்தாங்க சார்வாள்" என்றார் பாய். "சதுர அடி என்ன வெலைன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"கேட்டா சொல்லுவேன்னு உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன்லா. தொண்ணூத்தஞ்சுன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒரு டம்ளர் தண்ணி கேட்டாங்க. குடிச்சாங்க. எட்டுப் பெட்டிய எடுத்துக்கிடுதியளான்னு கேட்டாங்க. எனக்கும் குத்தாலத்து ஆள் நெருக்குதான். பதினஞ்சாயிரத்தி எறநூறு, கையில எண்ணிக் குடுத்தேன்." பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு முக்காலியை நகர்த்தினார். "உக்காருங்க. உங்களுக்கும் தண்ணி வேணுமா?"

பதினைந்தாயிரத்து இருநூறில் எனக்குக் கிடைத்தது மூவாயிரத்து ஐந்நூற்று இருபது. மீதி பதினோராயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய் என் வீட்டுக்குள்ளேயே எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று நான் கேட்க வேண்டும். கேட்டால், "என்ன மீதி அத்தான்?" என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தொண்ணூற்றைந்து என்று என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் சட்டை விலையிலிருந்து செருப்பு விலைவரை இருபத்தோரு வருஷத்து இலாகாவையும் தோண்டி எடுப்பாள். பஸ்ஸில் வரும்போது இதை நாலு விதமாக யோசித்தேன். நாலிலும் எனக்குத்தான் அடி.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசலில் மணல், ஜல்லி, நாலு மூட்டை சிமெண்டு. அடுக்களையில் கொத்தனார் பழைய திட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார். சாலோமி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்று மேற்பார்வை செய்கிறாள். ஓரமாகக் கொம்பையா ஆசாரி, வளைந்த பலகைகளை இழைத்து மேடைக்கு அடியில் அலமாரி அடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஆசாரி, இப்ப அடி நுனி பாக்க வேண்டாமா?"

"அடுப்பங்கரை அம்மாவோட இடம் சார். இங்கன அவங்க சொல்லுததுதான் தெக்கு" என்றார் அவர், இழைப்புளியை நிறுத்தாமல்.

நான் சாலோமியைப் பார்த்தேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவளும் நான் கேட்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் தோன்றியது. "மேடை நல்லா இருக்கும்" என்றேன். "நல்லாத்தான் இருக்கும் அத்தான்" என்றாள்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஜெபக்கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் கூடத்தில் பழைய சிவப்பு சிமெண்டில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தோம். தேவபிச்சை வாத்தியார் ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "எங்கவே மரத்தரை?" என்று காதைக் கடித்தார். நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பெண்கள் ஒருத்திகூடக் கூடத்தில் இல்லை. அத்தனை பேரும் அடுக்களையில். "இந்த உசரம் சரியா இருக்குட்டி", "கடப்பாக்கல் என்னமா வழுவழுன்னு இருக்கு" என்று சத்தம். ஐயரும் எழுந்து உள்ளே போனார். மேடையைத் தடவிப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நானும் பின்னாலேயே போய் நின்றேன். வேறு வழியில்லை, வீட்டுக்காரன்.

"நல்ல வேலைம்மா" என்றார் ஐயர். "செலவு ரொம்ப ஆயிருக்குமே?"

"எங்களுக்கு ஒரு செலவும் இல்ல ஐயரே" என்றாள் சாலோமி. "இவுக கூடத்துக்கு மரப்பலகை வாங்கினாவ. சதுர அடி இருவத்திரண்டு ரூவா, அடிமாட்டு வெலை. நானும் மலிவா வாங்கிருக்காவளேன்னு சந்தோசப்பட்டேன். அப்புறம் பேட்டைக்குப் போனாத்தான் தெரியுது, அதே பலகைய ஒரு ஏமாளி தொண்ணூத்தஞ்சு ரூவா குடுத்து வாங்கிருக்கான். ஒரு வார்த்தை பெண்டாட்டிகிட்ட கேக்காம வாங்கிருக்கான். அந்த மனுசன் போட்ட ரூவாயிலதான் இந்த மேடை எந்திரிச்சு நிக்குது."

அடுக்களை முழுக்கச் சிரித்தது. பின்னாலேயே வந்திருந்த தேவபிச்சை வாத்தியார் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரர்வே நீர்" என்றார். சாலோமி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றார் ஐயர். "நாளைக்கு வீட்டுல பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவாரோ. முதல்ல அந்தச் சகோதரருக்காக ஒரு நிமிசம் ஜெபிப்போம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஐயர் அந்த ஏமாளியின் புத்தித் தெளிவுக்காக மனமுருகி ஜெபித்தார். முடித்ததும் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்தான்.